தருமபுரிக்கு ஜிபிஎஸ் கருவியோடு போன பயணம்

கனடாவின் மிசிசாகாவில் எங்கள் காரில் ஏழு வருடமாக இருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி, இந்த முறை ஊருக்கு எடுத்துப் போனேன். போனிலேயே வழி தெரியும்போது இது எதற்கு என்று மனைவி கேட்டாள். போன முறை போனை வைத்து ஓட்டியதில், யாராவது அழைக்கும்போதெல்லாம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டோம். பென்னாகரத்தைத் தாண்டி மலை இறங்கும்போது சிக்னலும் போய்விட்டது. அதோடு, அப்பாவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து பெரிய திரையில் வழி பார்க்க வேண்டும் என்று ஆசை. அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தருமபுரி, ஓசூர், பென்னாகரம், அரூர் சாலைகளில் எந்த ஸ்டேஜுக்கு அப்புறம் எந்த ஸ்டேஜ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கருவியில் வட அமெரிக்க வரைபடம் மட்டும்தான் இருந்தது. இந்திய வரைபடத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஒரு மெமரி கார்டில் போட்டுக்கொண்டேன். புறப்படும் முன் அது எந்த வருடத்து வரைபடம் என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஜூன் கடைசி வாரம் பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கினோம். தருமபுரியில் இருந்து ஒரு டிராவல்ஸ் மூலமாக வண்டி வந்திருந்தது. டிரைவர் தம்பிக்குச் சொந்த ஊர் காரிமங்கலம். வண்டி நிறுத்துமிடத்திலேயே கருவியை மாட்டி இயக்கினால், நாங்கள் இன்னும் மிசிசாகாவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதாகக் காட்டியது. மகள் பயந்துவிட்டாள், கெட்டுப்போய்விட்டது என்று. கெடவில்லை. கடைசியாக எங்கே அணைத்தோமோ அந்த இடத்தை நினைவில் வைத்து, அங்கே வானத்தில் இருக்க வேண்டிய செயற்கைக்கோள்களைத்தான் அது முதலில் தேடும். உலகத்தின் மறுபக்கம் கொண்டுவந்து வைத்தால் எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் இடம் சொல்லும். கூரை இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்தால் போதும். டிரைவர் தம்பி பொறுமையாகக் காத்திருந்தார்.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. ஒண்டாரியோவில் 407ஆம் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்குப் பயந்து, ‘சுங்கச் சாலை வேண்டாம்’ என்று எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது. அதனால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏற வேண்டாம், கீழேயே போ என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது. கீழே நெரிசல் எப்படி இருக்கும் என்று தெரிந்த தம்பி மேலே ஏறிவிட்டார். மேலே வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, கீழ்ச் சாலையில் இருப்பதாக நினைத்து, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று கருவி ஓயாமல் சொன்னது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும் இரண்டு சாலைகளைப் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. ஃபாஸ்டாக் ஒட்டிய வண்டியில் சுங்கச்சாவடியில் சில்லறை தேட வேண்டிய வேலையும் இல்லை. கனடாவில் இருந்து கருவி எடுத்துப் போகிறவர்கள் முதலில் அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள்.

ஓசூரில் இருந்து எங்கள் ஊர் பாலக்கோட்டுப் பக்கம். முன்பெல்லாம் இராயக்கோட்டை வழியாக வளைந்து வளைந்து வர வேண்டும். இப்போது அதே பக்கமாக 844ஆம் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக அமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பழைய சாலையை விட்டு விலகி, புதிதாக நிலம் எடுத்துப் போட்டது. என் கார்டில் இருந்த வரைபடத்துக்கு இந்தச் சாலையே தெரியாது. திரையில் எங்கள் கார் வயல்காட்டின் நடுவே மிதந்து போனது. ‘மறுபடி கணக்கிடுகிறேன்’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னது. அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் பெயர் சொல்லி வந்தார். “இந்த இடத்துல ஒரு பெரிய புளியமரம் இருந்துச்சுடா, அதுதான் ஸ்டாப்பிங்” என்றார். மரம் இல்லை. ஆனால் அவர் சொன்ன இடத்தில் இருந்துதான் எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை வந்தது.

ஊர்ப் பெயர்களைத் தேடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஒகேனக்கல்லைத் தேடும்போது ‘ஓ’ எழுத்தில் தொடங்கினார், வரவில்லை. அரூருக்கு ‘ஏ’ போட்டார், வரவில்லை. ஒகேனக்கல், ஓசூர், அரூர் மூன்றுமே ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தில்தான் தொடங்கும். தேன்கனிக்கோட்டை ‘டி’யில் (D) தொடங்கும். தமிழில் ஒலிப்பது ஒன்று, வரைபடத்தில் இருப்பது இன்னொன்று. தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் தேடல் சுலபமாகிவிட்டது. கதவு எண், தெருப் பெயர் போட்டுத் தேடும் வழக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள். கோயில், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் என்று தேடினால்தான் கிடைக்கும்.

ஒகேனக்கல் போன நாளில் கருவி அருமையாக வேலை செய்தது. பாலக்கோட்டில் இருந்து பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழி. பாப்பாரப்பட்டியில் வண்டியை நிறுத்தி, சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 1925இல் அவர் உயிர் விட்ட ஊர் அது. கருவியில் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ பட்டியலில் அது இல்லை. அப்பா சொல்லாவிட்டால் நாங்களும் கடந்து போயிருப்போம். பென்னாகரத்துக்கு அப்புறம் காட்டு வளைவுகளில் எல்லார் போனிலும் சிக்னல் போனது. கருவி மட்டும் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டே வந்தது. இணையம் இல்லாமல் எப்படி என்று மகள் கேட்டாள். செயற்கைக்கோள் சிக்னலை வாங்க இணையம் தேவையில்லை, வரைபடம் கையில் இருந்தால் போதும் என்று சொன்னேன். போனிலும் அந்தப் பகுதி வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் இதே மாதிரி வேலை செய்யும். இன்னொன்றும் சொன்னேன். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அப்படி இருந்திருந்தால் இந்த மலை வளைவில் நாங்கள் எந்த வளைவில் இருக்கிறோம் என்றே தெரிந்திருக்காது.

அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு முடித்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அன்று இரவு தேன்கனிக்கோட்டையில் என் தங்கை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கருவி அஞ்செட்டி வழியைக் காட்டியது. வந்த வழியே திரும்பிச் சுற்றிப் போவதைவிட அது எவ்வளவோ குறைவு. வண்டியைத் திருப்பும் முன் டீ குடிக்க நின்றோம். கடை அக்கா எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், “பொழுது சாயுற நேரத்துல குழந்தைங்கள வச்சுக்கிட்டு அந்தக் காட்டு ரோட்டுல போகாதீங்கண்ணா. யானை ரோட்டுல வந்து நிக்கும். காலையில போங்க, நல்லா இருக்கும்” என்றார். டிரைவர் தம்பியும் அதையே சொல்லத்தான் வாயெடுத்திருந்தார். எனக்குத்தான் கருவி காட்டிய குறைந்த தூரத்தின் மேல் கண்.

அந்தக் காடு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2014இல் அறிவித்தார்கள். யானைகள் நடமாடும் இடம். கருவிக்கு அது ஒரு சாலை, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதற்கு வித்தியாசம் கிடையாது. தங்கைக்கு போன் போட்டு, காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பென்னாகரம் வழியாக வீட்டுக்கே திரும்பினோம். மறுநாள் நல்ல வெயிலில் இராயக்கோட்டை வழியாகப் போனோம். அந்த அக்காவிடம் பெயர்கூடக் கேட்காமல் வந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் ஒரு சின்னச் சிக்கல். பெங்களூரு, சென்னை, சேலம் எல்லாப் பக்கமும் பிரியும் இடம் என்பதால் மேம்பாலமும் அதன் பக்கத்திலேயே சர்வீஸ் ரோடும் ஓடுகின்றன. கருவியின் கணக்கில் சில மீட்டர் பிசகு எப்போதும் உண்டு. அதனால் நாங்கள் மேலே இருக்கிறோமா, சர்வீஸ் ரோட்டில் இருக்கிறோமா என்று அதற்குத் தெரியவில்லை. ஊருக்குள் இறங்க வேண்டிய இடத்தை ஒருமுறை விட்டுவிட்டு, நெடுந்தூரம் போய் யூ டர்ன் எடுத்து வந்தோம். பெட்ரோல் பங்க் தேடினாலும் இதே கதைதான். 300 மீட்டரில் என்று காட்டும், அது எதிர்ப்பக்கத்துச் சாலையில் இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, உட்காரும் கழிப்பறை வேண்டும். அது எந்த பங்க்கில் இருக்கிறது, எது பூட்டியிருக்கும் என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. தம்பிதான் இரண்டு மூன்று இடங்களைத் தெரிந்து வைத்திருந்து சரியாக நிறுத்தினார். பெரியவர்களோடு வருகிறவர்கள் புறப்படும்போதே டிரைவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமானது குலதெய்வக் கோயில். காவேரிப்பட்டணத்துக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை. அங்கே போகும் வழி முழுமையாகத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது அப்பாவும் பெரியப்பாவும் மட்டும்தான். பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பியிருந்தான். அதில் இருந்த எண்கள் 12.45, 78.30 என்று தொடங்கின. கருவியில் அதை நான் 12 பாகை (டிகிரி) 45 கலை (மினிட்), 78 பாகை 30 கலை என்று அடித்துவிட்டேன். பர்கூரைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம் மலைக்குள் ஒரு புள்ளியைக் காட்டியது. அப்பா திரையைப் பார்த்ததுமே, “இல்லடா, நம்ம சாமி இந்தப் பக்கம் இல்ல” என்றார்.

உட்கார்ந்து யோசித்த பிறகுதான் பிழை புரிந்தது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 45 கலை என்றால் 0.75 பாகை, 0.45 இல்லை. வடக்கே 0.30 பாகை கூடிவிட்டது. ஒரு பாகை சுமார் 111 கி.மீ. என்பதால் அதுவே 33 கி.மீ. கிழக்குப் பக்கமும் 20 கி.மீ.க்கு மேல் தள்ளிவிட்டது. மொத்தத்தில் சாமியை விட்டு நேர்க்கோட்டில் 40 கி.மீ. விலகியிருந்தோம். கருவியின் அமைப்பில் போய், தசமப் பாகையாக எண்களை ஏற்கும்படி மாற்றியதும் புள்ளி மாந்தோப்புக்குள் வந்து விழுந்தது. கிராமத்துக் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் எண்களை வைத்துப் போகிறவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்.

தார்ச் சாலை முடிந்த இடத்தில் கருவி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. அங்கிருந்து மண் பாதையில் முக்கால் கிலோமீட்டர் அப்பா வழி சொன்னார். இரண்டு பக்கமும் பெங்களூரா மாங்காய் பறித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள், கூழ் ஆலைக்குப் போவதற்கு. பொங்கல் வைத்துக் கும்பிட்டு முடித்ததும், நான் கருவியைக் கழற்றி எடுத்துப் போய்க் கோயில் வாசலிலேயே வைத்து அந்த இடத்தைப் பதிந்தேன். அப்பா என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், திரும்பும் வழியில் இருக்கிற கிணற்றடியையும் பதி, அங்கே வண்டி திருப்ப இடம் இருக்கும் என்றார்.

சேலத்து அத்தையைப் பார்க்கப் போகும்போது தொப்பூர் கணவாய். கருவி அங்கே எதுவுமே சொல்லவில்லை, ஏனென்றால் திருப்பம் எதுவும் இல்லை, நேராகப் போக வேண்டியதுதான். ஆனால் தருமபுரியில் இருந்து இறங்கும் அந்தச் சரிவில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதும். தம்பி கியரைக் குறைத்து, முன்னால் போகும் லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டினார். சரிவு முடியும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

புறப்படும் அன்று கருவியை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். மாமா பையன் டிசம்பரில் துபாயில் இருந்து குடும்பத்தோடு வருகிறான், அவனும் கோயிலுக்குப் போக வேண்டும். சேமித்த இடங்கள் பட்டியலில் குலதெய்வக் கோயில் முதலில் இருக்கிறது, கிணற்றடி இரண்டாவது. வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.