கோடா, ஓட்டா? அமெரிக்கா பார்த்த இரண்டு சமரசங்கள்

உள்நாட்டுப் போருக்கு முன் அடிமைமுறைச் சண்டையைத் தணிக்க இரண்டு வழிகள் வந்தன: புதுப் பகுதிகளில் அடிமைமுறை எங்கே கூடும், எங்கே கூடாது என்று வரைபடத்தில் கோடு போடுவது; இல்லை, அந்தந்தப் பகுதி மக்களையே ஓட்டுப் போட விடுவது. இந்த இரண்டில் எது தேவலை என்று குழம்புபவர்களுக்கு:

ஆயுள்: 1820-ன் மிசௌரிக் கோடு 34 வருடம் தாங்கியது. 1854-ன் கான்சஸ் ஓட்டு இரண்டே வருடத்தில் ரத்தக்களரி.

எளிமை: கோட்டுக்கு வரைபடம் போதும். பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36°30' அட்சரேகைக்கு வடக்கே, மிசௌரி தவிர, அடிமைமுறை கூடாது. 'மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும்' என்பது கேட்க நியாயம்தான். ஆனால் 1855 மார்ச்சில் அடிமைமுறையை ஆதரித்த பக்கத்து மிசௌரிக்காரர்கள் துப்பாக்கியோடு கான்சஸ் எல்லை தாண்டி வந்து போட்டார்கள். கான்சஸில் வாக்காளர்கள் 3,000 பேர்கூட இல்லை. விழுந்த ஓட்டு 6,000-க்கு மேல்!

விலை: இரண்டிலும் கொடுத்தவர்கள் அடிமைகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, எது எதற்கு? காலம் தள்ள கோடு போதும். 1854-ன் ஓட்டுச் சட்டம் அதை நீக்கியது; 1857-ல், விடுதலை கேட்ட அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில், அந்தக் கோடே செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அடிமைமுறையை ஒழிக்க இரண்டுமே உதவாது. அதற்கு அரசியல் சட்டத்தில் 1865-ன் 13-வது திருத்தம் வரவேண்டியிருந்தது.