பழைய லப்டொப்பில் ஓபன்மீடியாவால்ட் போட்டுப் பார்த்ததில்

திரை வெடித்த லப்டொப் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓபன்மீடியாவால்ட் என்கிற மென்பொருள் இலவசம்தான், அதைப் போட்டால் வீட்டில் எல்லாருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி தயார். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுப் படம், வீடியோ, பிள்ளைகளின் பாடக் கோப்பு எல்லாம் இப்போது அதில்தான். இதே வேலைக்கென்று கடையில் விற்கும் நாஸ் (நெட்வேர்க் சேமிப்பு) பெட்டியை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, முக்கியமாகப் பெட்டரிக்காக.

கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போய்விடும், அந்த நேரம் படம் பார்க்க முடியாது, சரி. ஆனால் லப்டொப் தன் பெட்டரியில் ஓடுவதால் எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்க் பாதியில் நிற்காது. இதற்கு 2.5 அங்குல டிஸ்க்தான் சரி, அது யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், கரண்ட் போனதும் அது செத்துவிடும், லப்டொப் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் பழைய பெட்டரி நம் ஊர் வெக்கைக்கு ஊதிப்போகலாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் யோசிக்காமல் நிறுத்திவிட்டுப் பெட்டரியைக் கழற்ற வேண்டியதுதான்.

நிறுவும்போது மட்டும் எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் மாட்டினால் போதும், பிறகு எல்லாம் வேறொரு கணினியின் பிரவுசரில். அடித்தளம் டெபியன் லினக்ஸ், அதனால் பழைய இயந்திரத்திலும் பாரமில்லாமல் ஓடுகிறது. இதே மாதிரி இன்னொரு மென்பொருளான ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும், இதற்கு 2 ஜிபி இருந்தாலே வீட்டு வேலைக்குத் தாராளம். நிறுவும் டிஸ்க்கை முழுசாக அழித்துவிடும், உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

எரிச்சலும் இருக்கிறது. எதை மாற்றினாலும் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும், அதில் சரி போட்டால்தான் மாற்றம் ஏறும், ஒவ்வொரு முறையும். மூடியை மூடினால் லப்டொப் தூங்கிவிடும், அதை நிறுத்த லொகின்ட்.கொன்ஃப் கோப்பைத் திறந்து மூடி பற்றிய வரியில் 'இக்னோர்' என்று எழுத வேண்டும், கறுப்புத் திரைக் கட்டளைகளுக்குப் பயப்படுகிறவர்கள் பக்கத்தில் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். போன் படங்கள் தானாக ஏறுவதற்கும் இதில் நேரடி வழியில்லை, போனில் வேறு செயலி போட வேண்டும்.

வேகம் ரவுட்டரைப் பொறுத்தது. லேன் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 11, 12 மெகாபைட்தான், 4 ஜிபி கல்யாண வீடியோ போக ஆறு நிமிடம் எடுக்கும். ஜிகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது யூஎஸ்பி பேக்அப் என்கிற துணைநிரல். குறித்துவைத்த டிஸ்க்கை மாட்டியதும் தானே பிரதி எடுக்கிறது. அந்த டிஸ்க் செங்கலடியில் மாமா வீட்டில் இருக்கிறது, அவர் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவருவார். 2004 சுனாமியில் இந்தக் கரையில் எத்தனை வீட்டு ஆல்பம் போனது என்று தெரிந்தவர்களுக்கு ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பது பாதுகாப்பென்று தோன்றாது.

யூஎஸ்பி 3.0 இல்லாத லப்டொப் என்றால் வெளி டிஸ்க் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. அதற்கு டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) போட்டு டிஸ்க்கை உள்ளேயே வைப்பது நல்லது.