டிராயருக்கு மரக் கைப்பிடி நாமளே செய்யலாம்: நாப்பா, நீள ஹேண்டிலா, விரல் பள்ளமா?

கடையில கிடைக்கிற ஸ்டீல் ஹேண்டில் எல்லா வீட்லயும் ஒரே மாதிரி இருக்குன்னு மரத்துல செய்ய ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குறது எந்த டிசைன் அழகா இருக்கும்னுதான். என்னைக் கேட்டா அதை ரெண்டாவதா யோசிக்கலாம். முதல்ல பாக்க வேண்டியது மரத்தோட ரேகை, அதாவது நார், எந்தப் பக்கம் ஓடுது, ஸ்க்ரூ அந்த ரேகையை எப்படிப் பிடிக்குது, இது ரெண்டும்தான். ஒரு டிராயரை ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி இழுக்கிறோம், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில மரம் ஊதி டிராயர் இறுகிப் போயிருக்கும்போது எவ்வளவு பலமா இழுக்கிறோம், அந்த இழுப்பு முழுக்க இந்தச் சின்னத் துண்டு மேலதான் விழுது.

கடைசல் நாப்ல, அதாவது லேத்துங்கிற கடைசல் எந்திரத்துல உருட்டிக் கடையுற குமிழ்ல இருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் முதல்ல ஆசைப்படுறது இதைத்தான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானோ சென்னபட்டணா பொம்மையோ கையில எடுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும், லேத்துல சுத்துற மரத்துல அரக்குக் கட்டியை வச்சு அழுத்தினா உரசுற சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஏறி அப்படி ஒரு வழவழப்பு வரும், அந்த மினுமினுப்பு பிரஷ்ல அடிக்கிற எந்த பாலிஷ்லயும் வராது. நாப்புக்கும் அதே வேலையைச் செய்யலாம். மரமும் கொஞ்சம் போதும், சன்னல் சட்டத்துல வெட்டிப் போட்ட துண்டே போதும்.

ஆனா லேத்துல சாதாரணமா கடையும்போது ரேகை நாப்போட நடு அச்சு வழியா நீளமா ஓடும், அப்போ பின்னாடி இருந்து போற ஸ்க்ரூ மரத்தோட வெட்டு முனையில, அதாவது நார் முடியுற பக்கத்துல இறங்கும். அங்க ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் எப்பவும் கம்மி. கொஞ்ச நாள்ல நாப் லூசாகி கையில சுத்த ஆரம்பிக்கும், டைட் பண்ணுவோம், திரும்பவும் சுத்தும், கடைசில ஓட்டை பெருசாகிக் கழண்டு கையோட வந்துரும். இதுக்குப் பழைய ஆசாரிமார் வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். நாப்போட சேத்தே 12 மில்லிமீட்டர் கனத்துல ஒரு கழுந்து (ஓட்டைக்குள்ள நுழையுற உருண்டைக் குச்சி) கடைஞ்சு விட்டு, டிராயர் முகப்புல அதே அளவு ஓட்டை போட்டு, பசை தடவி நுழைச்சு, உள்பக்கம் தெரியுற கழுந்து முனையில ரம்பத்தால கீறி வச்ச கோட்டுல ஒரு சின்ன ஆப்பு அடிக்கணும். முகப்பு முழு மரமா இருந்தா அந்தக் கீறல் முகப்புப் பலகையோட ரேகைக்குக் குறுக்க நிக்கணும், ரேகையோடயே வச்சு அடிச்சீங்கன்னா பலகை பிளந்துடும். பிளைவுட்னா அந்தக் கவலை இல்ல. இப்படிப் போட்ட நாப் சுத்தாது, கழண்டும் வராது. பின்னாடி மாத்தணும்னா அறுத்துத்தான் எடுக்கணும், அது ஒரு குறைதான்.

இன்னொண்ணும் இருக்கு, வயசானவங்க வீட்ல இருந்தா நாப்பை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். விரல் மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு விரலால கிள்ளிப் பிடிச்சு இழுக்கிறது கஷ்டம், எண்ணெய்க் கையா இருந்தா வழுக்கும் வேற. அகலமான டிராயருக்கு ரெண்டு நாப் வச்சா ஒத்தக் கையால ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும்போது டிராயர் கோணிக்கிட்டு சிக்கும், அதுலயும் சேனல் (டிராயர் ஓடுற இரும்புத் தண்டவாளம்) இல்லாம மரச் சட்டத்துல ஓடுற பழைய டிராயர்னா கட்டாயம் சிக்கும்.

நீள ஹேண்டில்தான் என் ஓட்டு. லேத் வேணாம், ஜிக்‌சா, டிரில், 50 மில்லி ஹோல்சா (டிரில்ல மாட்டி வட்டமா ஓட்டை அறுக்குற பிட்), உப்புத்தாள், இவ்ளோ இருந்தா வீட்டு வராந்தாவுலயே செஞ்சுரலாம். நாலு விரலும் உள்ள போகும், டிராயருக்கு நடுவுல ஒண்ணு வச்சாலே நேரா வரும். செய்யற முறையைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா ஒரே பலகையில ரெண்டு ஹேண்டில் ஜோடியா கிடைக்கிற வழி இது. 80 மில்லி அகலம், 20 மில்லி கனம் உள்ள தேக்குத் துண்டு எடுத்துக்கோங்க, ரேகை நீளவாக்குல ஓடணும். அகலத்துக்கு நடுவுல நீளமா ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டு மேல 58 மில்லி இடைவெளியில ரெண்டு மையம் குறிச்சு ஹோல்சாவால ரெண்டு வட்டம் எடுங்க, வட்டம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மரத்தை ஜிக்‌சாவால நேரா அறுத்து எடுத்துட்டா மாத்திரை வடிவத்துல 108 மில்லி நீளத்துக்கு ஒரு ஓட்டை வரும், ஓட்டையோட ரெண்டு முனைக்கும் வெளிய 20 மில்லி விட்டுப் பலகையை வெட்டுங்க, அதுதான் ஹேண்டிலோட கால். இப்போ நடுக்கோட்டுலயே நீளமா அறுத்தா ரெண்டு ஹேண்டில். பிளேடு 3 மில்லி தின்னா ஒவ்வொண்ணும் 38.5 மில்லி உசரம், விரலுக்கு 23.5 மில்லி இடம், பிடி 15 மில்லி கனம். ஸ்க்ரூ மையத்துக்கு மையம் 128, கடை ஹேண்டில்ல வர்ற அளவுகள்ல ஒண்ணு, நாளைக்கு மாத்தணும்னாலும் புது ஓட்டை போட வேண்டியதில்ல.

ஹோல்சா எடுத்த அந்த உள் மூலை வளைவு அழகுக்காக மட்டும் இல்ல, மூலையைச் சதுரமா வெட்டினா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம் ஸ்க்ரூ நீளம். இந்த ஹேண்டிலோட கால் ரெண்டும் டிராயர்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, ஆனா ரேகை காலுக்குக் குறுக்க ஓடுது, அப்போ இழுக்கிற ஒவ்வொரு தடவையும் கால் ரேகை வழியே பிளக்கப் பாக்கும். 18 மில்லி முகப்புக்கு 35 மில்லி ஸ்க்ரூ போட்டா காலுக்குள்ளயே நின்னுடும், பிடி மட்டும் பேந்து கையோட வர வாய்ப்பு இருக்கு. 50 மில்லி ஸ்க்ரூ போட்டீங்கன்னா காலைத் தாண்டி பிடிக்குள்ள 8 மில்லிக்கு மேல ஏறி ரெண்டையும் சேத்துக் கட்டிரும். ஸ்க்ரூ ஏத்துறதுக்கு முன்னாடி பைலட் ஓட்டைன்னு ஒரு சின்ன ஓட்டை கட்டாயம் போடணும், தேக்குக்கு ஸ்க்ரூ தண்டைவிடக் கொஞ்சம் சின்ன பிட், ஸ்க்ரூ நுனியில மெழுகு தடவிக்கோங்க.

விரல் பள்ளம் பத்தி நிறைய சொல்ல இல்ல. முகப்பு மேல் விளிம்புல பின்பக்கமா சரிவு எடுத்து விரல் மாட்டி இழுக்கிறது, இல்லன்னா அரைவட்டமா ஒரு வெட்டு. ஒண்ணும் வெளிய நீட்டாது, கட்டிலுக்கு அடியில இருக்கிற டிராயர், ஒடுக்கமான நடை, குழந்தை ஓடுற இடம், சேலை முந்தானை மாட்டுற இடம், இங்கெல்லாம் இதுதான் சரி. ஆனா முழு மரமா இருக்கணும், பிளைவுட்ல பள்ளம் எடுத்தா அடுக்கு அடுக்கா பல்லைக் காட்டும், அதனால மேல ஒரு தேக்கு ரீப்பர் (ஒல்லியான சட்டம்) ஒட்டி அதுல சரிவு எடுக்கணும். அரைவட்ட வெட்டை மட்டும் அடுப்படிக்கு வைக்காதீங்க, கரப்பான் உள்ள போறதுக்கு நாமளே வாசல் வச்ச கணக்கு.

மரம் எதுன்னா, நீள ஹேண்டிலுக்கு தேக்கு. எண்ணெய்ப் பசை உள்ள மரம், அதனால எங்கயாவது பசை போட்டு ஒட்டறதா இருந்தா முதல்ல தின்னர் தொட்ட துணியால துடைச்சுக்கணும். கடையறதுக்குப் பூவரசு அருமை, நெருக்கமான மரம், உளியில சுத்தமா வரும். பலா புதுசுல மஞ்சளா இருக்கும், போகப்போக தேன் கலரைத் தாண்டி பழுப்பாகும், அது தெரிஞ்சே எடுங்க. வேம்புல ரேகை மாறி மாறி ஓடும், இழைக்கும்போது பிய்யும். பனை பாக்க அழகு, ஆனா சிலாம்பு கையில ஏறும், தினம் தொடுற இடத்துக்கு வேணாம். ஈட்டி கனமும் கலரும் வேற எதுலயும் வராதுதான், ஆனா அது சேர்ந்த டால்பெர்ஜியா இனம் மொத்தமும் 2017 ஜனவரியில இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, அந்த அளவுக்கு வெட்டித் தீத்துட்டோம். நாப் அளவுக்குத்தானே, பழைய கட்டில் கால், உடைஞ்ச நாற்காலி கை இதுல இருந்து எடுத்துக்கோங்க, புது மரம் கேக்காதீங்க.

பாலிஷ்ல கவனிக்க வேண்டியது, பிரெஞ்சு பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சது, அதனால சானிடைசர் போட்ட ஈரக் கை பட்டா பிசுபிசுன்னு ஆகி வெளுத்துப் போகும், அரக்குக் கடைசல் நாப்புக்கும் இதேதான். அடுப்படிக்கு பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் நல்லது. ஆளி விதை எண்ணெய் தேய்ச்சா கைக்கு மரம் மரமாவே இருக்கும், ஆனா காய நாளாகும், துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடவே கூடாது, தானா சூடேறித் தீப்பிடிக்கும், விரிச்சு வெளிய காயப் போட்டுட்டு அப்புறம் குப்பையில போடுங்க.

ஏற்கனவே வீட்ல இருக்கிற டிராயருக்கு மாத்துறவங்க பழைய ஸ்க்ரூ ஓட்டை ரெண்டுக்கும் மையத்துக்கு மையம் எவ்வளவுன்னு முதல்ல அளந்துக்கோங்க. 96 மில்லியா இருந்தா 20 மில்லி காலுக்கு நடுவுல 76தான் மிஞ்சும், பெரிய கைக்கு நாலு விரல் நெருக்கும். காலை 15ஆ ஒடுக்கினா 81 கிடைக்கும், அதுக்கு வட்ட மையம் 31 மில்லியில வரும், ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதால கை டிரில்ல போடாம ஸ்டாண்டுல இறுக்கிப் போடுங்க.