பொள்ளாச்சியில் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு: நாலு ஞாயிறு போய் வந்த பிறகு

பத்தாவது படிக்கும் என் மகளை நாலு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன், ஃபீஸ் 600 ரூபாய். முதல் இரண்டு வாரம் சுமார்தான். கையைப் பிடித்தால் எப்படி உதறுவது, முடியைப் பிடித்தால் என்ன செய்வது என்று எல்லாமே ஒற்றை ஆளை வைத்தே சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரில் 2019-ல் வெளியே வந்த பாலியல் கொடுமை ஒற்றை ஆள் செய்ததா? கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13-ல் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது ஒன்பது பேருக்கு. இதை மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன்.

மூன்றாவது வாரம் அவருடைய மாணவர்கள் மூன்று பேரைச் சுற்றி நிற்க வைத்தார். ஒருவன் துப்பட்டாவைப் பிடித்தான், ஒருவன் வழியை மறித்தான், மூன்றாமவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். மகள் முதல் பிடியை நன்றாகத்தான் உதறினாள், ஆனால் போனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “அடிக்காதே கண்ணு, சந்து எங்க இருக்குன்னு பாரு, கத்திக்கிட்டே ஓடு” என்றார் மாஸ்டர். இந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு தகும்.

கடைசி வாரம் ஒரு வக்கீல் அம்மா வந்தார். தனியாக வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற பையன்கூட நாலு பேர் சேர்ந்தால் மாறிவிடுகிறான், பயந்தாங்கொள்ளி என்று கூட்டாளிகள் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 70-வது பிரிவின்படி, கூட்டுப் பலாத்காரத்தில் ஒரே எண்ணத்தோடு கூட்டாகச் செயல்பட்டவர்களில் தொட்டவன், தொடாதவன் என்று பிரிப்பதில்லை, ஒவ்வொருவனும் பலாத்காரம் செய்தவனாகவே கருதப்படுவான், குறைந்தது 20 வருடம் கடுங்காவல். துணைக்கு வந்து போன் பிடித்தவனும் தப்ப முடியாது என்று அவர் சொன்னபோது ஹாலில் சத்தமே இல்லை. 181 பெண்கள் உதவி எண்ணை எல்லோரையும் அங்கேயே போனில் பதியச் சொன்னார்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. பக்கத்து ஹாலிலேயே பையன்கள் பேட்ச் நடக்கிறது, அங்கே வக்கீல் அம்மாவின் இந்த வகுப்பு கிடையாது. கேட்டதற்கு, “பசங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்றார் மாஸ்டர். அவங்களுக்குத்தானுங்க முதல்ல வேணும் என்றேன். என் சின்னவன் எட்டாவது படிக்கிறான். வக்கீல் அம்மாவை அந்த ஹாலுக்கும் கூப்பிடுங்கள், ஃபீஸ் ஆயிரமானாலும் சரி, அன்றைக்கே அவனைச் சேர்க்கிறேன்.