வங்கி ஏல மனையா, நேரடிக் கிரயமா? ஒரு மதிப்புக் கணக்கு

திருநெல்வேலி பெருமாள்புரத்திலோ கே.டி.சி. நகரிலோ ஐந்து சென்ட் மனை தேடினால் இரண்டு வழி உண்டு. ஒன்று, உரிமையாளரிடம் நேரடிக் கிரயம். மற்றது, கடன் நின்றுபோனதால் அரசு வங்கி சர்ஃபாசி சட்டப்படி (நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழிசெய்யும் சட்டம்) விடும் ஏலம். நேரடிக் கிரயத்தின் சௌகரியம் தெரிந்ததுதான்: பேரம் பேசலாம், அவகாசம் கேட்கலாம். ஆனாலும் சுவாதீனம் (சொத்து யார் கைவசம் என்பது) சுத்தமாக இருந்தால் என் ஓட்டு ஏலத்துக்கே. காரணம், முத்திரைத் தீர்வை எந்த மதிப்பின்மேல் விழுகிறது என்பதுதான்.

5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு அடிக்கு 1,500 என்று வைத்துக்கொண்டால் 32,67,000 ரூபாய். நிஜ விலை 27 லட்சமாகவே இருக்கட்டும். நேரடிக் கிரயத்தில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை வழிகாட்டி மதிப்புக்குக் கட்டினால்தான் பத்திரம் சிக்கலின்றிப் பதிவாகும். கொடுக்காத 5,67,000-க்கும் சேர்த்து 51,030 ரூபாய் கூடுதல். குறைத்துக் கட்டினால் பத்திரம் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் (மதிப்பைக் குறைத்துக் காட்டியதா என்று விசாரிக்கும் பிரிவு) தனித் துணை ஆட்சியரிடம் போய் நிற்கும்.

ஏலத்தில் அடிப்படை, ஏலத் தொகை. அரசு அமைப்பின் வழியாக வெளிப்படையாக நடந்த விற்பனையில் விலையைச் சந்தேகிக்க இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. 2022-இல் நீதிமன்ற ஏலங்களுக்கு 47ஏ பொருந்தாது என்றது. சார்பதிவாளர் வழிகாட்டி மதிப்பைக் கேட்டால் இந்த இரண்டு தீர்ப்பின் நகலோடு வக்கீலைக் கூட்டிப் போவது நல்லது. வங்கி அனுப்பும் விற்பனைச் சான்றின் பிரதியை சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பதிவேடு) கோத்தாலே போதும் என்பது 2021 தீர்ப்பு. ஆனால் பின்னால் விற்கவோ அடமானம் வைக்கவோ அசலை எடுத்து நீட்டும்போது முத்திரைத் தீர்வை பற்றிய கேள்வி எழும். அந்தச் செலவை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

வருமான வரி தனிக் கதை. வழிகாட்டி மதிப்புக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாய், விலையில் 10 சதவீதம் இரண்டில் பெரியதைத் தாண்டினால், வித்தியாசம் முழுவதும் வாங்கியவர் வருமானமாகிவிடும். ஏல விலைக்கு இது எடுபடுமா என்பது வழக்குக்கு வழக்கு மாறுவதால் ஆடிட்டரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஏல அறிவிப்பு, மதிப்பீட்டாளர் அறிக்கை, விற்பனைச் சான்று மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மனை மதிப்பை வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பச் சொல்ல உரிமை உண்டு.

ஏலத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பணக் கெடுவில்தான். முன்வைப்பையும் (ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டிக் கட்டும் தொகை) சேர்த்து ஏலத் தொகையில் 25 சதவீதம் அன்றோ மறு வேலைநாளிலோ, மீதி ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் ஒப்பினால் மூன்று மாதம் வரை நீளும். வீட்டுக்கடனை நம்பி இறங்கி, அது தாமதமானால் கட்டிய 25 சதவீதமும் போச்சு.

தாமிரபரணிப் பாசன நஞ்சை என்றால் கூடுதல் கவனம்: விவசாய நிலத்தின் மேல் சர்ஃபாசி செல்லாது. பட்டாவில் நஞ்சை என்றே இருந்து, தரையில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தால், கடன்காரர் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் அதைத்தான் பிடிப்பார். அறிவிப்பில் 'குறியீட்டுச் சுவாதீனம்' என்றிருந்தால் பூட்டுச் சாவி இன்னும் பழைய ஆள் கையில். மின் கட்டண, வீட்டு வரி பாக்கியும் 'உள்ளது உள்ளபடி' உங்கள் தலையில் வரலாம். இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் நிலுவையைப் பார்த்துவிட்டே முன்வைப்புத் தொகையைக் கட்டுங்கள்.