தொழிலுக்கு ஒரு மெஷின்: ரொக்கமா, தவணையா, வாடகையா?

சிறுதொழில் செய்பவர் மெஷின் வாங்கப் போனால் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து வட்டியைக் கேட்பார். இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன்னாலேயே தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. மெஷின் வந்து இறங்கிய பிறகு கையில் எவ்வளவு பணம் மிஞ்சும்? வருஷத்தில் எத்தனை நாள் அது ஓடும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ரொக்கம் நல்லதா, தவணை நல்லதா என்று வாதம் செய்வதில் பயனில்லை.

பேச வசதியாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். எம்பிராய்டரி வேலை செய்கிறவர். மெஷின் விலை 1,20,000. கையில் இருப்பது 1,50,000. கடை வாடகை, ஒரு ஆள் சம்பளம், நூல், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதம் 20,000 செலவு. வேலை வாங்கும் கடைகள் பில் கொடுத்து 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். எந்த நாட்டு நாணயமாக வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.

ரொக்கமாக வாங்கினால்

ரொக்கத்துக்கு இருக்கும் பலம் எல்லாருக்கும் தெரிந்தது. வட்டி இல்லை, மாதாமாதம் தவணைத் தேதி வந்து நெஞ்சை அடைக்காது, பேரம் பேசலாம். முழுப் பணத்தையும் மேஜையில் வைத்துக் கேட்டால் 5 சதவீதம் குறைத்துத் தர விற்பவர் பல நேரம் இறங்கி வருவார். நம் கணக்கில் அது 6,000. கடன் வாங்கிப் பழக்கமில்லாத குடும்பத்திலிருந்து வந்தவருக்கு, "சொந்தக் காசில் வாங்கியது" என்ற நிம்மதியும் சேர்ந்துகொள்ளும். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்த 45 நாளைப் பாருங்கள். தள்ளுபடி ஏதும் இல்லாமல் 1,20,000 கொடுத்துவிட்டார் என்றே வைப்போம். கையில் 30,000. முதல் மாதச் செலவில் 20,000 போயிற்று. அடுத்த அரை மாதத்தில் மீதி 10,000-மும் போயிற்று. அதாவது முதல் பில்லுக்குப் பணம் வர வேண்டிய அதே நாளில் பெட்டி காலி. வாடிக்கையாளர் ஒரே ஒரு வாரம் தாமதித்தால் போதும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. நூல் வாங்க முடியாததால் அடுத்த ஆர்டரும் நிற்கும். இத்தனைக்கும் கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கிறது. வரவேண்டிய பணம் நிறைய, வந்த பணம் இல்லை.

அப்போது என்ன செய்வார்? அவசரக் கடன் வாங்குவார். மாதம் 3 சதவீதம் என்று கிடைக்கும் கடன், கேட்கும்போது சின்னதாகத் தெரியும். வட்டியைக் கட்டாமல் அசலில் சேரவிட்டால் ஒரு வருஷத்தில் அது 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். 18 சதவீத வட்டியில் தவணைக்கு வாங்க மனமில்லாமல் ரொக்கம் கொடுத்தவர், கடைசியில் அதைவிட இரண்டு மடங்கு வட்டியில் போய் நிற்பார். ரொக்கமாக வாங்கியவர்கள் சிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மெஷினில் போட்ட பணத்தை ஒரு வாரத்தில் திரும்ப எடுக்க முடியாது. விற்றாலும் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள்.

ஆகவே ரொக்கத்துக்கு என் அளவுகோல் இது: வாங்கிய பிறகும் குறைந்தது மூன்று மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். பாக்கி வர 45 நாள் ஆகும் தொழிலென்றால் நான்கு மாதம் இருந்தால் இன்னும் நல்லது.

தவணையில் வாங்கினால்

தவணை முறையைப் பரவலாக்கியதில் தையல் மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கர் நிறுவனத்தின் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856-ல் அந்த முறையைக் கொண்டுவந்தார். முழு விலை கொடுத்து வாங்க வசதியில்லாத குடும்பங்களிடம் கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியை மாதாமாதம் கட்டச் சொன்னார். விற்பனை பெருகியது. மெஷின் தன் உழைப்பிலேயே தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கும் என்பதுதான் இதன் பின்னால் இருந்த நியாயம். அந்த நியாயம் இன்றும் சரிதான். அதே சமயம், இந்த ஏற்பாடு விற்பவர் தன் விற்பனையைக் கூட்டக் கண்டுபிடித்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தவணையில் கவனம் முழுவதும் போக வேண்டிய இடம் வட்டிக் கணக்கு. "10 சதவீதம்தான்" என்று இரண்டு பேர் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு லட்சம் கடன், மூன்று வருஷம் என்று வையுங்கள். பிளாட் ரேட்டில் 10 சதவீதம் என்றால், வருஷத்துக்கு 10,000 வீதம் 30,000 வட்டி. மொத்தம் 1,30,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 3,611. குறையும் இருப்பின் மேல், அதாவது அடைத்தது போக மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும், அதே 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 3,227 தான், மொத்த வட்டி 16,000 சொச்சம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிளாட் ரேட்டில், நீங்கள் பாதி அசலை அடைத்த பிறகும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் மிச்சமிருக்கும் அசல் மூவாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் அந்த மாதத்துக்கும் ஒரு லட்சத்தின் வட்டி. குறையும் இருப்புக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் பிளாட் 10 சதவீதம் ஏறக்குறைய 18 சதவீதம். ஒன்று முதல் மூன்று வருஷத் தவணைக்கு, பிளாட் ரேட்டை இரண்டால் பெருக்கி அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உண்மை வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

"வட்டியே இல்லை" என்னும் திட்டத்தையும் இதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம், 12 தவணை, வட்டி பூஜ்யம். சரி, ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். 92,000-க்குத் தருவதாகச் சொன்னால், அந்த 8,000 தான் வட்டி. வருஷக் கணக்கில் அது 15 சதவீதத்துக்கு மேல் வரும். ஆவணக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று முதலிலேயே ஏதாவது பிடித்தால் இன்னும் ஏறும். கடைக்காரர் ரொக்கத்துக்கும் அதே விலைதான் என்று உறுதியாகச் சொன்னால், கட்டணமும் இல்லையென்றால், அந்தத் திட்டம் நிஜமாகவே நல்லது. தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, முன்கூட்டியே அடைப்பது. நல்ல சீசன் வந்தால் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் தவணைக்குச் சம்மதிக்கிறார்கள். அப்போது எவ்வளவு வட்டி மிச்சமாகும் என்பது கணக்கிடும் முறையைப் பொறுத்தது. '78-ன் விதி' என்று ஒரு பழைய முறை உண்டு. 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும். 12 மாதக் கடனில் முதல் மாதம் மொத்த வட்டியில் 78-ல் 12 பங்கு, அடுத்த மாதம் 11 பங்கு என்று இறங்கிக்கொண்டே போகும். ஆறு மாதம் முடிவதற்குள் 57 பங்கு, அதாவது வட்டியில் 73 சதவீதம் கட்டியாகிவிடும். பாதிக் காலத்தில் அடைத்தால் பாதி வட்டி மிச்சம் என்று நினைத்துப் போனவருக்குக் கால்பங்கு சொச்சம்தான் மிச்சம். அமெரிக்காவில் 61 மாதத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் கடன்களுக்கு இந்த முறையை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: "ஆறாவது மாதத்தில் அடைத்தால் நான் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது அன்றைக்கு உதவாது.

வாடகைக்கு எடுத்தால்

வாடகை என்றாலே வீண் செலவு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. மாதாமாதம் கொடுத்தும் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாதே என்பார்கள். மெஷின் விஷயத்தில் இந்த வாதம் பாதிதான் சரி, ஏனென்றால் சொந்த மெஷினும் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டேதான் போகிறது.

கணக்குப் போடுவோம். 1,20,000 மெஷின் ஐந்து வருஷம் உழைத்துக் கடைசியில் 20,000-க்கு விலைபோகும் என்றால், தேய்மானம் வருஷத்துக்கு 20,000. சர்வீஸ் செலவு 5,000. முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் சராசரியாக இன்னொரு 7,000. ஆக, சொந்தமாக வைத்திருப்பதற்கே வருஷம் 32,000 ஆகிறது. அதே மெஷின் நாள் வாடகை 500-க்குக் கிடைத்தால், 64 நாள் வாடகைக்குச் சமம். வருஷத்தில் 64 நாளுக்குக் குறைவாக வேலை இருந்தால் வாடகை லாபம், அதற்கு மேல் என்றால் சொந்தம் லாபம். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால் உங்கள் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆசையில் சொல்லும் நாள் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். போன வருஷ ஆர்டர் நோட்டை எடுத்து, அந்த மெஷின் தேவைப்பட்ட நாட்களை எண்ணுங்கள்.

வாடகையின் பெரிய பலம் அது புதுத் தொழிலைச் சோதித்துப் பார்க்க விடுகிறது என்பது. 1959-ல் ஜெராக்ஸ் 914 நகலெடுக்கும் மெஷின் வந்தபோது, அதன் விலையைப் பார்த்தால் எந்த அலுவலகமும் பின்வாங்கியிருக்கும். மாதம் 95 டாலர் வாடகை, அதில் 2,000 பிரதிகள் அடக்கம், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் தனிக் காசு என்று வைத்தார்கள். அலுவலகங்கள் தைரியமாக எடுத்தன. எடுத்த பிறகு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பிரதிகள் எடுத்தன, நிறுவனம் செழித்தது. இதில் வாடகைக்கு எடுப்பவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அடிப்படை வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. அளவுக்கு மேல் ஓட்டினால் என்ன கட்டணம் என்பதில்தான் பில் ஏறும்.

இரண்டு இடங்களில் வாடகை காலை வாரும். ஒன்று, சீசனில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மெஷின் வேண்டும், அப்போது கிடைக்காது. உங்கள் வருமானத்தில் பாதி இரண்டு மாத சீசனில்தான் வருகிறதென்றால், கணக்கு வாடகைப் பக்கம் காட்டினாலும் நான் சொந்த மெஷினைத்தான் சொல்வேன். இரண்டு, நீண்ட ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்கு இடையில் விட முடியாது என்று கையெழுத்துப் போட்டால் அது பெயருக்குத்தான் வாடகை, உள்ளே கடன். கணக்கியல் உலகமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்னும் சர்வதேசக் கணக்கியல் தரம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பெரும்பாலான குத்தகைகளைக் கடன்போலவே ஐந்தொகையில் (நிறுவனத்தின் சொத்து, கடன் பட்டியலில்) காட்டச் சொல்கிறது. சிறு கடைக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம், ஆனால் அந்தப் பார்வை பொருந்தும். பழுதானால் யார் செலவு, எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வேலை நின்ற நாளுக்கும் வாடகை உண்டா என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வாங்கும் சாமானுக்கு இந்த அலசல் அப்படியே பொருந்தாது. வாஷிங் மெஷின் வேலையைக் குறைக்கும், தவணையைச் சம்பாதித்துத் தராது. அங்கே தவணை சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அதனால் சேர்த்து வைத்து வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

எம்பிராய்டரிக்காரருக்கு என்ன சொல்வேன்

அவருடைய நோட்டில் 64 நாளுக்குக் குறைவாக வேலை இருந்தால், ஆறு மாதம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டச் சொல்வேன். நிச்சயமான ஆர்டர் அதற்கு மேல் இருந்தால், பாதிக்குப் பாதி. 60,000 முன்பணம், மீதி 60,000-க்கு இரண்டு வருஷத் தவணை. குறையும் இருப்பில் 18 சதவீதமே ஆனாலும் மாதம் 3,000-க்குள் அடங்கும். மொத்த வட்டி சுமார் 12,000. கையில் 90,000 மிஞ்சும். முதல் 45 நாளில் செலவும் தவணையும் சேர்ந்து 34,500 போனாலும் 55,000-க்கு மேல் இருக்கும். வாடிக்கையாளர் ஒரு மாதம் இழுத்தடித்தாலும் சம்பளம் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு அந்த 12,000-ஐக் கொடுப்பது இந்தத் தெம்புக்குத்தான், அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். பாக்கியெல்லாம் ஒழுங்காக வர ஆரம்பித்து, கையிருப்பு ஆறு மாதச் செலவைத் தாண்டினால் மீதித் தவணையை முன்கூட்டியே அடைத்துவிடலாம். ஒப்பந்தத்தில் அதற்கு அபராதம் இல்லை என்பதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும் மாடலில் ஒன்றிரண்டு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் மெஷின் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்வேன். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு மணி நேரமாவது துணி போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். மெஷின் அதிகமாக விலை இழப்பது முதல் வருஷத்தில்தான், அந்த இழப்பை விற்கிறவர் ஏற்கெனவே சுமந்திருப்பார். 70,000-க்குள் அப்படி ஒன்று அமைந்தால், அவர் தவணைப் பக்கமே போகாமல் ரொக்கமாக வாங்கலாம். நான்கு மாதச் செலவுக்குப் பணமும் கையில் இருக்கும்.