ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு: சொந்தமா கார் பாத்துக்கறவங்களுக்கு என் ரிவ்யூ

போன வருஷம் ஐப்பசி மழை நேரத்துல தான் இந்த கதை ஆரம்பிச்சுது. வண்டி 2014 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 86,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. ஆவடில இருந்து பூந்தமல்லி பக்கம் போயிட்டு இருக்கேன், ஏசி போட்டுட்டு ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா வண்டி இழுக்கவே இல்ல, எஞ்சின் குலுங்குது, டாஷ்போர்டுல மஞ்சள் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னுது. கொஞ்சம் மெதுவா போனா சரியாயிடுது, மறுபடி மிதிச்சா மறுபடி மிஸ்ஸிங்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பேர் வேண்டாம். பத்து நிமிஷம் பாத்துட்டு நாலு காயில் (ஸ்பார்க் ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில்), நாலு ஸ்பார்க் ப்ளக், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், லேபரோட சேத்து 14,500 ரூபானு எஸ்டிமேட் குடுத்தாங்க. எது கெட்டுப் போச்சுனு கேட்டா "எல்லாம் சேத்து மாத்திட்டா பிரச்சன வராது சார்"னு தான் பதில். எனக்கு அது மனசுக்கு ஒப்பல. காசுக்காக மட்டும் இல்ல, என் வண்டிக்கு என்ன நோவுனு எனக்கு தெரியணும்ல. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்போ தான் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன். ஓபிடினா ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ், வண்டி தன் கோளாற தானே கண்டுபுடிச்சு நோட் பண்ற வசதி. தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா இருக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ, டாஷ்போர்டுக்கு அடில 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும், அதுல சொருகிட்டு இக்னிஷன் ஆன் பண்ணி ப்ளூடூத்துல போனோட சேத்தா, எஞ்சின் கம்ப்யூட்டர் என்ன நோட் பண்ணி வச்சிருக்குனு ஆப்ல வந்துரும். நம்ம ஊர்ல 2013 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்4 (புகை கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு ஓபிடி 2 கட்டாயம், அதுக்கு முந்தின வண்டி வச்சிருக்கவங்க வாங்கறதுக்கு முன்னாடி யாராவது ஃப்ரெண்டோட ஸ்கேனர சொருகி பாத்துட்டு வாங்குங்க.

முதல்ல ஆன்லைன்ல 450 ரூபாக்கு ஒண்ணு வாங்கினேன், அது வேஸ்ட். கனெக்ட் ஆகும், ரெண்டு நிமிஷத்துல கட் ஆகும், பாதி ரீடிங் வராது. அப்புறம் தான் படிச்சு தெரிஞ்சுகிட்டேன், இந்த ஸ்கேனர்ல இருக்கற ஈஎல்எம்327 சிப்ப பண்ணினது எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கனடா கம்பெனி, அவங்க 2022லயே கடைய மூடிட்டாங்க, மார்க்கெட்ல மலிவா கெடைக்கறது பெரும்பாலும் காப்பி தான். அட்டப் பெட்டில "வெர்ஷன் 1.5"னு போட்டு விக்கறாங்களே, அப்படி ஒரு வெர்ஷன ஒரிஜினல் கம்பெனி விட்டதே இல்ல. ரெண்டாவதா 1,900 ரூபா குடுத்து வாங்கினது தான் இன்னைக்கு வரைக்கும் ஒழுங்கா வேல செய்யுது. ஐஃபோன் வச்சிருக்கவங்க சாதா ப்ளூடூத் மாடல் வாங்கிடாதீங்க, ப்ளூடூத் லோ எனர்ஜி இல்லனா வைஃபை மாடல் தான் சேரும்.

சரி, கதைக்கு வரேன். ஸ்கேன் பண்ணினதும் பி0301னு ஒரு கோடு, அதாவது கோளாறு நம்பர் (எரர் கோட்) வந்துச்சு. பி0300னா எந்த சிலிண்டர்னு சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது), பி0301னா முதல் சிலிண்டர், பி0302னா ரெண்டாவது, அப்படியே போகும். அதாவது நாலுல ஒண்ணு தான் தகராறு. இதுலயே எனக்கு பாதி நிம்மதி. ஆனா இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க: கோடு வந்த உடனே அழிச்சிடறாங்க. அழிக்காதீங்க. கோடோட சேந்து ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், கோளாறு பதிவான நேரத்துல ஆர்பிஎம் எவ்ளோ, ஸ்பீடு எவ்ளோ, கூலன்ட் சூடு எவ்ளோனு எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி புடிச்சு வச்சிருக்கும். கோட அழிச்சா அதுவும் போயிடும். என்னோடதுல 2,600 ஆர்பிஎம், 64 கிலோமீட்டர் ஸ்பீடு, கூலன்ட் 91 டிகிரி, லோடு 80 சதவீதத்துக்கு மேல. எஞ்சின் நல்லா சூடாகி, பாரம் இழுக்கும்போது தான் மிஸ் ஆகுது. சூடானா மக்கர் பண்றது கெட்டுப் போற இக்னிஷன் காயிலோட கொணம், அதனால சந்தேகம் அது மேல போச்சு.

சந்தேகம் வேற, நிரூபணம் வேற. நிரூபிக்கறதுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கு, காயில இடம் மாத்தி போடறது. என் வண்டில ஒவ்வொரு ப்ளக்குக்கும் மேலயே தனித்தனி காயில், அதனால இது ரொம்ப சுலபம். எஞ்சின ஆஃப் பண்ணி நல்லா ஆற விட்டேன் (இத அவசரப்பட்டு செய்யாதீங்க, கை சுட்டுரும்), கனெக்டரோட லாக்க அமுக்கி உருவினேன், பத்தாம் நம்பர் போல்ட்ட கழட்டி, காயில லேசா திருகி மேல இழுத்தா வந்துருது. முதல் சிலிண்டர் காயில மூணாவதுக்கும், மூணாவது காயில முதலுக்கும் மாத்தி மாட்டிட்டு, ரீடிங் எல்லாத்தயும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, அப்புறமா தான் கோட அழிச்சேன். அடுத்த நாள் அதே ரோடு, ஏசி ஆன், அதே மாதிரி மிதிச்சேன். வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்து போன பாத்துட்டே வந்தாங்க, "ஏங்க, இப்ப 03னு வருது"னாங்க. பி0303! கோளாறு காயில் கூடவே மூணாவது சிலிண்டருக்கு போயிடுச்சு. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்த எப்படி சொல்றதுனே தெரியல. ஒருவேளை கோடு முதல் சிலிண்டர்லயே நின்னிருந்தா, அடுத்து ப்ளக்க இதே மாதிரி மாத்தி பாத்திருப்பேன், அப்பவும் நகரலனா இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோனு மெக்கானிக் கிட்ட தான் போயிருக்கணும்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு ஸ்பேர்ஸ் கடைக்கு பழைய காயிலோட போனேன். கடைல இருந்த பெரியவர் "தம்பி, வண்டி பேரு சொன்னா போதாது, பழசுல இருக்கற நம்பர காட்டுங்க"னு வாங்கி, கண்ணாடிய போட்டு பார்ட் நம்பர ஒவ்வொரு எழுத்தா ஒத்து பாத்துட்டு தான் எடுத்துக் குடுத்தார். ஒரு காயில் 1,850 ரூபா. வீட்டுல மாட்ட கால் மணி நேரம். அந்த லைட் அதுக்கப்புறம் வரவே இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம். எஞ்சின் லைட் சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டு போய் பாத்துக்கலாம், ஆனா மின்னினா வண்டிய ஓரங்கட்டுங்க. மிஸ்ஃபயர் ஆகற சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் லைன்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள (புகைய சுத்தம் பண்ற பார்ட்) போய் அங்க எரியும், கன்வெர்ட்டர் உருகி அடைச்சுக்கலாம். உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு வெல ஒசந்த உலோகம் எல்லாம் இருக்கு, காயில் செலவு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நான் அன்னைக்கு தெரியாம வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், இனி அப்படி செய்ய மாட்டேன்.

லைட் எரியாத நாள்லயும் இது பிரயோஜனம் தான். நான் மாசம் ஒரு தடவ சொருகி நோட்டுல எழுதி வைக்கறேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், ஸ்டார்ட் பண்ணினா 13.8ல இருந்து 14.5க்குள்ள. என் மாமனார் வண்டில ஸ்டார்ட் ஆன பிறகும் 12.3லயே நின்னுச்சு, அவர் புது பேட்டரி வாங்கறதுக்கு கெளம்பிட்டு இருந்தார், பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பாருங்க மாமானு சொல்லி நிறுத்தினேன், ப்ரஷ் தேஞ்சிருந்துச்சு. ஃப்யூயல் ட்ரிம்னு ஒரு ரீடிங் இருக்கு, எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்ளோ கூட்டி கொறச்சு விடுதுனு காட்டும், பத்து சதவீதத்துக்குள்ள கூட கொறைய இருந்தா கவலப்பட வேணாம், ப்ளஸ் பக்கம் 20, 25னு ஏறி நின்னா எங்கயோ ஹோஸ் விரிசல் விட்டு காத்து இழுக்குது, இல்ல பெட்ரோல் ப்ரஷர் கம்மினு அர்த்தம்.

குறைகளும் இருக்கு. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ப்ரேக் சிஸ்டம்), ஏர்பேக் லைட் எரிஞ்சா இந்த மாதிரி சாதா ஸ்கேனரும் ஆப்பும் பெரும்பாலும் கைய விரிச்சிடும், அதுக்கு கம்பெனி ஸ்கேனர் தான் வேணும். சொருகினபடியே விட்டுட்டு போகாதீங்க, அந்த சாக்கெட்டுல 16ஆவது பின்ல சாவி எடுத்தாலும் பேட்டரி கரண்ட் வந்துட்டே இருக்கும், வண்டி பல நாள் நின்னா பேட்டரி இறங்கிடலாம். வண்டி ஓட்டிட்டே போன பாக்கவே கூடாது, பக்கத்துல ஒருத்தர உக்கார வைங்க. அப்புறம், கோடு சொல்ற பார்ட்ட கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க. ஆக்சிஜன் சென்சார் பேர்ல கோடு வந்தா சென்சார் கெட்டுப் போச்சுனு அர்த்தம் இல்ல, எஞ்சின்ல இருந்து வர்ற புகைல ஏதோ கோளாறுனு அது நமக்கு சொல்லிட்டு இருக்கலாம்.

5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு கொறச்சது ஏபிஎஸ் படிக்காததுக்கு. வாங்கினதும் முதல் நாளே, வண்டி நல்லா இருக்கும்போதே ஒரு தடவ எல்லா ரீடிங்கயும் எழுதி வச்சுக்கோங்க, நாளைக்கு ஏதாவது ஒண்ணு மாறினா எதோட ஒப்பிடறதுனு தெரியும். ப்ளூடூத்துல பாஸ்வேர்டு கேட்டா 1234, இல்லனா 0000 போடுங்க, லோ எனர்ஜி மாடல்னா போன் செட்டிங்ஸ்ல ஜோடி சேக்காம (பேரிங் பண்ணாம) நேரா ஆப்குள்ள போய் கனெக்ட் பண்ணுங்க.